அகதிகளுக்குச் சட்டமே இல்லாத நாட்டில் பாதுகாப்பு அலுவலருக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி: 2025 செப்டம்பர் 13

மதுரையில் சமூகப்பணி முதுகலை கடைசி வருடம் படிக்கிறேன். களப்பணிக்கு இலங்கைத் தமிழர் முகாமைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு சந்தேகம். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. அகதி என்றால் யார் என்று சொல்லும் சட்டம்கூட இங்கே இல்லை. அப்புறம் ‘அகதிகள் பாதுகாப்பு அலுவலர்’ என்பவர் எதை வைத்து யாரைப் பாதுகாக்கிறார்? அரிசி, பாய், போர்வை கொடுப்பவருக்கு வைத்த பெரிய பெயராகத்தான் தெரிகிறது.

செப்டம்பர் 13, இரவு

பதினொரு வருடமாக அந்த வேலையில்தான் இருக்கிறேன், ஒரு தொண்டு நிறுவனத்தில். உச்சப்பட்டி, ஆனையூர், திருவாதவூர் மூன்றும் என் சுற்று.

கையெழுத்து விஷயம் சரி. 1951 உடன்படிக்கையும் இல்லை, அதை விரிவாக்கிய 1967 நெறிமுறையும் இல்லை. 1946 வெளிநாட்டவர் சட்டத்தின் கண்ணில் இவர்கள் வெறும் வெளிநாட்டவர். ஆனால் அதிலிருந்து நீங்கள் போய்ச் சேர்ந்த இடம் தப்பு. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு எந்த நபரின் உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பற்றிப் பேசுகிறது, குடிமகன் என்று சொல்லவில்லை. 14-ஆம் பிரிவும் அப்படித்தான். அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாக இருந்த சக்மா மக்களை விரட்டப் பார்த்தபோது உச்ச நீதிமன்றம் 1996-இல் இதை வைத்துத்தான் அவர்களைக் காப்பாற்றியது. கணவன் அடித்தால் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் எந்தப் பெண்ணுக்கும் உண்டு. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தால் 2012 போக்சோ சட்டம் உண்டு. இவை எதிலும் ‘நீ எந்த நாடு’ என்ற கேள்வி கிடையாது.

சட்டத்துக்கும் முகாமில் இருக்கிற ஒரு வீட்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை நடந்து கடப்பதுதான் வேலை. அரிசியை நான் ஒரு நாளும் கொடுத்ததில்லை. அதை அரசு கொடுக்கிறது. பணக்கொடையும் அரசுதான்: 2021-இல் உயர்த்தியபடி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500.

செப்டம்பர் 14

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 1946 சட்டம் இந்த மாதம் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. இப்போது இருப்பது 2025 குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம். கூடவே வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நாற்பது வருடம் இங்கே இருந்தும் ‘சட்டவிரோதமாக வந்தவர்’ என்ற சொல்லைச் சுமந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் அது குடியுரிமை இல்லை. 2022-இல் பொருளாதார நெருக்கடியில் கடல் தாண்டி வந்தவர்கள் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள். அந்த மார்ச் 22-இல் முதலில் வந்த பதினாறு பேரில் கைக்குழந்தையும் இருந்தது. படகோட்டிகள் மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள், முன்பும் அப்படித்தான்.

செப்டம்பர் 16

சிறு குறிப்பு. கலெக்டர் அலுவலகத்தில் ‘பாதுகாப்பு அலுவலர்’ என்று கேட்டால் சமூக நலத்துறைக்குக் கைகாட்டுவார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மாவட்டத்துக்கு ஒருவர் உண்டு, அவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலகு வேறு. நாங்கள் வேறு. முகாமில் எங்களுக்குப் பதவிப் பெயரே கிடையாது. வயதானவர்கள் ‘பிள்ளை’ என்பார்கள், சின்னவர்கள் ‘அக்கா’. களப்பணிக்குப் போகும்போது அடையாள அட்டையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். முகாம்களைக் கண்காணிக்கும் போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிரிவு ஆளோ என்று பேச்சு நின்றுவிடும்.

செப்டம்பர் 21

‘நடுவில் நடப்பது’ என்றால் என்ன, விளக்குங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். உண்மையான ஆள் இல்லை, உதாரணத்துக்குத்தான். செல்லையா இராசேந்திரம்.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அப்பா பெயரை முழுசாக முன்னால் எழுதுவார்கள். இன்ஷியல் வைக்கும் பழக்கம் குறைவு. ‘இராசேந்திரம்’ என்று ‘ம்’ போட்டு முடிப்பதும் அங்கே சாதாரணம். 1990-இல் இவர் படகிலிருந்து இறங்கி வரிசையில் நிற்கிறார். பதிவு செய்கிற எழுத்தர் நம்ம ஊர்க்காரர். அவர் காதுக்கு எது சரியோ அதை எழுதுகிறார்: செ. ராஜேந்திரன். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பின்னால் நூறு பேர் ஈர உடையோடு நிற்கிறார்கள். நின்று எழுத்துக்கூட்டிச் சொல்ல இவருக்கும் தெம்பு இல்லை.

முப்பது வருடம் அந்தப் பெயர் ஓடுகிறது. முகாம் அட்டையில் செ. ராஜேந்திரன். மகள் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ராஜேந்திரன். பள்ளிக்கூடத்தில் ‘ரா’ இன்ஷியல். ஆதாரில் இன்னொரு மாதிரி. மகளை இலங்கைக் குடிமகளாகப் பதியச் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்துக்கு விண்ணப்பம் போடும்போது தகப்பனின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் செல்லையா இராசேந்திரம் என்று இருக்கிறது. தாளைப் பார்ப்பவருக்கு இவர் ஒரு ஆள், அவர் ஒரு ஆள். வம்சாவளி அறுந்துவிட்டது. அந்தப் பெண் இங்கேயும் குடிமகள் இல்லை, அங்கேயும் இல்லை. நாடற்றவர் என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது ‘ன்’-னுக்கும் ‘ம்’-முக்கும் நடுவில் இருக்கிறது.

இதே மாதிரி ஒரு குடும்பம் இப்போது என் கையில் இருக்கிறது. பெண் பன்னிரண்டாம் வகுப்பு. பிறப்பு இறப்புப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஜூன் மாதத்திலிருந்து நடந்துகொண்டிருக்கிறோம். இருவரும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி, முகாம் பதிவேட்டின் நகல், தகப்பனின் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து உறவுக்காரர் படம் எடுத்து அனுப்பிய சேர்க்கைப் பதிவேடு. ஒவ்வொன்றும் சேர ஒரு மாதம்.

தாள்தான் பாதுகாப்பு. இந்த வேலையில் நான் கற்ற முதல் பாடம் அது.

செப்டம்பர் 28

‘நீங்களும் தமிழ், அவர்களும் தமிழ், மொழிபெயர்ப்பாளர் பிரச்சினை உங்களுக்கு இல்லையே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதனால்தான் எங்களுக்கு அதிக ஆபத்து. புரிந்துவிட்டதாக நினைத்து எழுதிவிடுவோம்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம். முகாம் எது என்று சொல்லவில்லை. நாற்பது வயதுப் பெண் ஒருவர், கணவர் பெயிண்ட் வேலைக்குக் கோயம்புத்தூர் போயிருக்கிறார். பதிவு தொடர்பாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரே கேள்வியை மூன்று இடத்தில் கேட்டுவிட்டார்கள் அவரிடம், நான் நாலாவது ஆள். ‘எனக்கு விசர் பிடிக்குது பிள்ளை’ என்றார். கையில் இருந்த முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு ‘விசர்’ என்றால் பைத்தியம் என்று மட்டும் தெரியும். அகராதியும் அதைத்தான் சொல்லும். அன்று சாயங்காலம் குறிப்பில் எழுதினேன்: ‘மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தாமே கூறுகிறார்.’

ஈழத்துப் பேச்சில் எரிச்சல் தாங்காமல் போனாலும் ‘விசர் பிடிக்குது’தான். நாம் ‘கடுப்பா இருக்கு’ என்போமே, அது. அவர் சொன்னது, ‘எத்தனை தடவை கேட்பீர்கள்’ என்று.

அந்த வரி கோப்போடு போனது. அடுத்து பார்த்தவர் அதைப் படித்துவிட்டு அவரிடம் மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசியிருக்கிறார். ‘பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்’ என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பெண்ணுக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்று இரண்டு நாள் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. முகாம் தலைவரின் மனைவி என்னைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

போய் உட்கார்ந்து நான் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்தவில்லை. ‘நீ எழுதினதை எனக்கு முதலே வாசிச்சுக் காட்டியிருக்கலாமே’ என்றார். அன்றிலிருந்து இன்றுவரை நான் எழுதும் எந்தக் குறிப்பையும் சொன்னவருக்கு வாசித்துக் காட்டாமல் பையில் வைப்பதில்லை. எந்தப் பயிற்சிக் கையேடும் எனக்கு இவ்வளவு சொல்லிக் கொடுத்ததில்லை.

செப்டம்பர் 29

நேற்றைய குறிப்புக்கு ஒரு ஒட்டு. ‘பேந்து’ என்றால் பிறகு. ‘வெளிக்கிட்டம்’ என்றால் கிளம்பினோம். ‘கெதியா’ என்றால் சீக்கிரம். ‘கதைக்கிறது’ எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ‘இடம்பெயர்ந்தது’ என்று அவர்கள் சொன்னால் எத்தனையாவது என்று கேளுங்கள், ஒன்றோடு நிற்காது. 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே ஒரே இரவில் வெளிக்கிட்டது, அது ஒன்று. மன்னார்ப் பக்கம் மடுவில் மரத்தடியில் இருந்தது ஒன்று. படகு கடைசி.

தேதி கேட்டால் வராது. ‘மூத்தவனுக்கு முப்பத்தொண்டு கழிச்ச கிழமை’ என்று வரும், அதாவது பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழித்த வாரம். அதைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைகள் நம்மிடம் சுத்த மதுரைத் தமிழ் பேசிவிட்டு, திரும்பி அம்மம்மாவிடம் ‘ஆமா’வுக்கு ‘ஓம்’ என்பார்கள். சந்தேகம் வந்தால் அவர்களைக் கேட்கலாம். ஆனால் அம்மம்மாவின் கதையைப் பேரப்பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கச் சொல்லக்கூடாது. அதில் பிள்ளை கேட்கக்கூடாதது இருக்கும்.

அக்டோபர் 5

ரகசியம் காப்பது பற்றிக் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் நேரம் கிடைத்தது.

பழைய முகாம் வீடு பத்துக்குப் பத்து. நடுச்சுவர் கூரைவரை போகாது. இந்த வீட்டில் தீக்குச்சி உரசினால் அந்த வீட்டில் கேட்கும். 2021-இல் அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர அறிவித்தது. புது வீடு கிடைத்த இடங்களில் பெண்கள் என்னிடம் முதலில் சொன்னது சுவரைப் பற்றித்தான். ‘இப்ப கதைச்சா வெளியில கேக்காது.’ அந்த அறிவிப்போடுதான் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. எனக்குப் பெயரைவிடச் சுவர் பெரிது.

பழைய வீடுகளில் ஒரு பெண்ணோடு தனியாகப் பேசுவது எப்படி? வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் ஊரே பார்க்கும். வீட்டுக்குள் போனால் ஊரே கேட்கும். நாங்கள் கண்ட வழி, தையல் வகுப்பு. வாரம் ஒரு நாள் பன்னிரண்டு பெண்களும் வரிசையாக ஒவ்வொருவராக உள் அறைக்கு அளவு எடுக்க வருவார்கள். எல்லோருக்கும் அதே பத்து நிமிஷம். பிரச்சினை இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே நேரம். யார் அழுதார் என்று தெரிந்தாலும் யார் புகார் சொன்னார் என்று தெரியாது. மிஷின் சத்தம் கூடுதல் உதவி.

அடி வாங்குகிற பெண்ணிடம் ‘போலீஸுக்குப் போ’ என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். முகாம் பதிவும் பணக்கொடையும் குடும்ப அட்டையில் ஓடுகிறது. குடும்பத் தலைவர் கணவர்தான். முகாமில் ஆள் கணக்கு எடுக்கும் தணிக்கை நாளில் அவர் பெயருக்குக் கீழேதான் இவள் பெயர். அவரை விட்டு வந்தால் மாதக் கடைசியில் யார் கையில் பணம் போகும்? ஆகவே முதலில் அட்டையைப் பிரிப்பது பற்றி விசாரிக்க வேண்டும், தங்க இடம் பார்க்க வேண்டும், அப்புறம் அவள் விருப்பம். 181 பெண்கள் உதவி எண்ணை அவள் போனில் ‘தையல் டீச்சர்’ என்று பதிந்து கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் அதை அழுத்தியிருக்கிறார்கள்.

அக்டோபர் 12

‘ஊருக்குத் திரும்பலாமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?’

போங்கள் என்றும் சொல்வதில்லை, போகாதீர்கள் என்றும் சொல்வதில்லை. இது எனக்கு மிகக் கஷ்டமான பாடம். 1992-இல் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்ததே, போகிறவர் தன் விருப்பத்தோடுதான் போகிறாரா என்று கேட்டுப் பார்க்கத்தான். விருப்பம் என்பது ஆளாளுக்கு. குடும்பத்துக்கு ஒரு விருப்பம் கிடையாது.

ஒரு வீட்டில் கணவருக்கு வவுனியாப் பக்கம் காணி இருக்கிறது, போயே ஆக வேண்டும். மனைவி என்னிடம் தனியாக, ‘அவருக்கு அங்க காணி, எனக்கு அங்க என்ர ரெண்டு பிள்ளையளின்ர புதைகுழி’ என்றார். பதினேழு வயது மகனுக்குத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுதான் ஊர். மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டதால்தான் மூன்று பதில் தெரிந்தது. சேர்த்து உட்கார வைத்திருந்தால் அவர் பேசியிருப்பார், இவர்கள் தலையாட்டியிருப்பார்கள்.

நான் செய்தது: காணியில் இப்போது யார் இருக்கிறார்கள், மகன் பன்னிரண்டாவதை எங்கே முடிக்கலாம், பயண அனுமதிக்கு எவ்வளவு நாள், இதையெல்லாம் விசாரித்து எழுதிக் கொடுத்தேன். தேற்றவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. கணவர் மட்டும் போனார். வருடம் ஒன்றாகிறது. போன் பேசுகிறார்கள். நான் செய்தது சரியா என்று சில இரவுகளில் யோசிக்கிறேன்.

அக்டோபர் 13

செப்டம்பர் 21-இல் ‘தாள்தான் பாதுகாப்பு’ என்று எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். பாதிதான் சரி.

திருவாதவூரில் ஒரு பெரியவர் இருந்தார். மாணிக்கவாசகர் பிறந்த ஊரில் இருக்கிறேன் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை, தினம் கோயிலுக்குப் போவார். அவருடைய தாள்கள் எல்லாம் ஒழுங்கு. ஒரு எழுத்துப் பிசகு கிடையாது. ஆனாலும் மாதம் ஒரு முறை என்னை உட்கார வைத்து 1990-இல் படகில் வந்த கதையைச் சொல்வார். கடலில் தவறிப்போன தம்பியின் பெயரைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி, ‘எழுதினியோ’ என்பார். எழுதினேன் என்பேன். எந்தப் படிவத்திலும் அந்தப் பெயருக்கு இடம் இல்லை, அதனால் என் சொந்த நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு மாதமும். அவர் போன வருடம் தவறிவிட்டார். நோட்டில் அந்தப் பெயர் முப்பது தடவைக்கு மேல் இருக்கிறது.

இதை எந்தச் சட்டத்தின் கீழ் வைப்பது என்று கேட்டால் தெரியவில்லை. வேலையின் வெளியே இருக்கிறது என்றும் என்னால் சொல்ல முடியாது.

அக்டோபர் 26

குடியுரிமை பற்றி நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். சுருக்கமாக. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சொல்லும் நாடுகளில் இலங்கை இல்லை. ஆனால் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்னால்வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாரானாலும், பிறப்பால் இந்தியர். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் இதை வைத்து வழக்குப் போட்டார். ஒத்தக்கடையில் யானைமலைக்கு எதிரே இருக்கும் நம்ம உயர் நீதிமன்றக் கிளை 2022 ஆகஸ்டில் அவருக்குக் கடவுச்சீட்டுக் கொடுக்கச் சொன்னது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவரிடம் இருந்தது ஒரு பிறப்புச் சான்றிதழ். அதே முகாமில் 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்த தங்கைக்கோ தம்பிக்கோ அந்த வழி இல்லை.

அந்தத் தீர்ப்பு வந்த வாரம் 1983-லிருந்து 1987 வரை பிறந்தவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பலரிடம் சான்றிதழே இல்லை. வீட்டுப் பிரசவம், பதியவில்லை. பதியலாம் என்று அப்போது சொல்ல ஆள் இல்லை. கேள்வி கேட்ட தம்பி, நீங்கள் கேட்டதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. 1986-இல் அந்த வாசலில் ஒருவர் நின்று ‘பிள்ளையைப் பதிஞ்சாச்சா’ என்று கேட்டிருந்தால் போதும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலையகத்திலிருந்து வந்தவர்கள் கதை தனி. 1948-இல் இலங்கை குடியுரிமையைப் பறித்தது, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தது. அவர்களிலும் சிலர் முகாம்களில் இருக்கிறார்கள். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நவம்பர் 8

செப்டம்பர் 21-இல் சொன்ன குடும்பம். நேற்று திருத்திய பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது.

நடுவில் ஒரு மாதம் தகப்பனே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார், அதை இங்கே எழுதவில்லை. ‘இலங்கைக்காரி என்று பதிஞ்சால் நாளைக்கு அங்க போகச் சொல்லுவினமோ’ என்று பயம். நியாயமான பயம், அதை என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பதிந்தால் என்ன, பதியாவிட்டால் என்ன என்று வழக்கறிஞர் ஒருவரைக் கூட்டி வந்து பேச வைத்தேன். முடிவை அந்தப் பெண் எடுத்தாள். ‘பேர் சரியா இருக்கட்டும் அக்கா. எந்த நாடுன்னு அப்புறம் பாத்துக்குறேன்’ என்றாள்.

சான்றிதழை முதலில் வாங்கியது அம்மம்மா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் தடவித் தடவிப் படித்தார். முதல் எழுத்தில் தொடங்கி ‘ம்’-மில் வந்து நிறுத்தினார். ‘இன்னொருக்கா வாசி பிள்ளை’ என்று என்னிடம் நீட்டினார். வாசித்தேன். மூன்றாவது தடவை பேத்தியை வாசிக்கச் சொன்னார்.

சென்னை விண்ணப்பம் செவ்வாய்க்கிழமை போகிறது. அதே முகாமில் இன்னும் ஒன்பது வீட்டில் இதே ‘ன்’ பிரச்சினை. களப்பணிக்கு வருவதானால் அதில் இரண்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. காலையில் வாருங்கள், பத்து மணிக்கு மேல் பெரும்பாலானோர் வேலைக்குப் போய்விடுவார்கள். எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு எழுந்திருங்கள்.